தேவதை நீலப்பறவை

தேவதை நீலப்பறவை, மழை மிகுந்த மலைக்காடுகளிலும் மலையடிவாரக் காடுகளிலும் வாழும் பாடும் பறவை. இதன் உயிரியல் பெயர் ஐரினா புயெல்லா. இந்தியாவில் மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்கு இமயமலையின் அடிவாரம், வடகிழக்கு மாநிலங்கள், அந்தமான் தீவுகள் ஆகிய இடங்களில் காணப்படுகிறது. தமிழ்நாட்டில் ஆனைமலை, மேகமலை, குற்றாலம், களக்காடு–முண்டந்துறை ஆகிய பகுதிகளின் பசுமைமாறாக் காடுகளில் இதைப் பார்க்கலாம்.

பழங்களே இதன் முதன்மை உணவு. பழத்தை விழுங்கி விதையை வேறிடத்தில் விடுவதன் மூலம், தான் வாழும் காட்டை மீண்டும் முளைக்கச் செய்யும் பறவைகளுள் இதுவும் ஒன்று. இதன் நிறம் பலரையும் கவர்கிறது. காட்டுக்கோ நிறத்தைவிட இந்த விதைப் பணியே பெரிது.

பெயரும் வகைப்பாடும்

ஆங்கிலேயப் பறவையியலாளர் ஜான் லாதம் 1790-இல் இப்பறவைக்கு முதன்முதலாக அறிவியல் பெயர் இட்டார். நீல நிறத்தைக் கொண்டு போலும், பனங்காடையின் பேரினமான கொராசியாஸ் என்பதில் இதைச் சேர்த்தார். பனங்காடை திறந்த வெளியில் மின்கம்பியில் அமர்ந்து பூச்சி பிடிக்கும் பறவை. அதற்கும் இதற்கும் நெருங்கிய உறவு இல்லை. 1821-இல் தாமஸ் ஹார்ஸ்ஃபீல்டு இதற்கென ஐரினா என்ற தனிப் பேரினத்தை அமைத்தார்.

புயெல்லா என்பது இலத்தீன் மொழியில் சிறுமியைக் குறிக்கும் சொல். மலையாளத்தில் இப்பறவை ‘லளிதா’ எனப்படுகிறது. ‘தேவதை நீலப்பறவை’ என்பது ஆங்கிலப் பெயரைத் தழுவிய தமிழ் வழக்கு.

இக்குடும்பத்தில் ஐரினா என்ற ஒரே பேரினம்தான் உள்ளது. அதில் உள்ள மற்ற நீலப்பறவைகள் பிலிப்பைன்ஸ் தீவுகளில் வாழ்கின்றன. இவற்றுக்கு மிக நெருங்கிய உறவினர், நம் காடுகளில் இலையோடு இலையாக மறைந்திருக்கும் பச்சை நிற இலைப்பறவைகள். வட அமெரிக்காவிலும் ‘நீலப்பறவை’ என்று அழைக்கப்படும் பறவைகள் உண்டு. அவை பூங்குருவிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பெயரில் மட்டுமே ஒற்றுமை.

தோற்றம்

தேவதை நீலப்பறவை ஏறக்குறைய மைனா அளவுள்ளது. நீளம் சுமார் 25 செ.மீ. ஆணும் பெண்ணும் நிறத்தில் வேறுபடும்.

ஆண்: உச்சந்தலை, பிடரி, முதுகு, வாலின் மேல் மூடும் இறகுகள் ஆகியவை பளபளக்கும் ஆழ்நீலம். தோளிலும் வாலடியிலும் அதே நீலம் உண்டு. முகம், தொண்டை, மார்பு, வயிறு, சிறகு ஆகியவை கரிய நிறம்.

பெண்: உடல் முழுவதும் மங்கிய பச்சை கலந்த நீலம். சிறகின் பறத்தல் இறகுகள் கரும்பழுப்பு.

இரண்டுக்கும் கண் சிவப்பு. ஆணுக்கு அது இன்னும் தெளிவான செந்நிறம். இளம் ஆண் பறவை முதலில் பெண்ணைப் போலவே இருக்கும். பிறகு ஆங்காங்கே திட்டுத்திட்டாக நீலம் ஏறும். அத்தகைய பறவையை முதன்முறை பார்ப்பவர் வேறோர் இனம் என்று எண்ணக்கூடும்.

நீல நிறம் எப்படி வருகிறது?

காட்டுக்குள் இப்பறவையைப் பார்க்கச் செல்பவர்கள் சில வேளை ஏமாற்றமடைவதுண்டு. மேகமூட்டமான நாளில் கிளையின் நிழலில் அமர்ந்திருந்தால் ஆண் பறவை வெறும் கரிய பறவையாகவே தெரியும். அதுவே ஒரு கீற்று வெயிலில் திரும்பும்போது முதுகு முழுவதும் நீலமாக ஒளிரும். இதற்குக் காரணம், அந்த நீலம் சாயத்தால் வருவதில்லை என்பதே.

பறவைகளின் கறுப்பும் பழுப்பும் மெலனின் என்ற நிறமியால் வருகின்றன. மஞ்சள், சிவப்பு நிறங்கள் பலவும் உணவின் வழியாகக் கிடைக்கும் கரோட்டினாய்டு நிறமிகளால் வருகின்றன. நீலப்பறவையின் இறகில் நீல நிறமி கிடையாது. இறகின் இழைகளுக்குள் கெரட்டின் என்ற புரதமும் நுண்ணிய காற்றறைகளும் கலந்து, பஞ்சு போன்ற ஓர் அமைப்பு உள்ளது. நம் நகமும் முடியும் இதே புரதத்தால் ஆனவைதாம். காற்றறைகளின் அளவும் இடைவெளியும் ஒழுங்காக இருப்பதால், ஒளியில் உள்ள நீலப் பகுதி மட்டும் வலுப்பெற்றுத் திரும்பி வருகிறது. மற்ற நிறங்களை அடியில் உள்ள மெலனின் விழுங்கிக்கொள்கிறது. வெளிச்சம் குறைந்தால் திரும்பி வர ஒளி இல்லை. ஆகவே நீலமும் இல்லை.

மாணவர்களுக்கு இதை விளக்க ஓர் எளிய ஒப்பீடு போதும். மஞ்சள்தூளை எவ்வளவு அரைத்தாலும் மஞ்சளாகவே இருக்கும், ஏனெனில் அது நிறமி. இத்தகைய நீல இறகை அரைத்தால் நீலம் மறைந்து பழுப்புத் தூளே மிஞ்சும், ஏனெனில் நிறத்தைத் தந்த அமைப்பு சிதைந்துவிடுகிறது. மயில் கழுத்தின் நிறமும் அமைப்பால் வருவதே. ஆனால் அங்கே நுண்கட்டமைப்பு வேறு விதமானது. பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப நிறம் மாறுவது அதனால்தான்.

பரவலும் வாழிடமும்

இந்தியா, வங்கதேசம், மியான்மர், தாய்லாந்து, வியட்நாம் முதல் மலேசியா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ வரை இப்பறவை பரவியுள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் கூட்டம் மட்டும் தனித்து நிற்கிறது. இதற்கும் கிழக்கு இமயமலை அடிவாரத்தில் உள்ள கூட்டத்துக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான வறண்ட நிலம் கிடக்கிறது. அந்த இடைவெளியில் இது வாழ ஏற்ற மழைக்காடு இல்லை. பெரிய இருவாச்சியின் பரவலும் இதே போன்றதுதான். தென்மேற்கிலிருந்து ஒரு கூட்டம் அழிந்தால், வடகிழக்கிலிருந்து பறந்து வந்து அந்த இடத்தை நிரப்ப வழியில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் அடிவாரம் முதல் நடு உயரம் வரையுள்ள ஈரமான பசுமைமாறாக் காடுகளும், ஓடையோரக் காடுகளும் இதன் இருப்பிடங்கள். உச்சியிலுள்ள குளிர்ந்த சோலைகளில் இது அரிது. உயர்ந்த மரங்களின் விதானத்திலேயே பெரும்பாலும் திரியும். நண்பகலில் குளிக்கவும் நீர் அருந்தவும் ஓடைக்கு இறங்கும்.

குரலும் பழக்கமும்

இப்பறவையைக் காண்பதற்கு முன் பெரும்பாலும் குரலே கேட்கும். நீர்த்துளி சொட்டுவது போன்ற, உரத்த, இரு அசைச் சீழ்க்கை அது. ‘வீட்-வீட்’ என்று விட்டுவிட்டு ஒலிக்கும். பறக்கும்போதும் மரம் மாறும்போதும் இதைக் கேட்கலாம்.

இணையாகவோ சிறு கூட்டமாகவோ திரியும். பழுத்த ஆலமரம் ஒன்று கிடைத்தால் பல பறவைகள் சேரும். அங்கே குக்குறுவான், பச்சைப்புறா, மலை மைனா, சின்னான், இருவாச்சி ஆகியவற்றுடன் ஒரே மரத்தில் உண்ணும். ஓரிடத்தில் நெடுநேரம் தங்காமல் கிளைக்குக் கிளை தாவிக்கொண்டே இருப்பது இதன் இயல்பு.

உணவு

ஆல், அத்தி, இத்தி வகை மரங்களின் பழங்கள் இதற்கு மிகவும் விருப்பமானவை. வேறு பல காட்டு மரங்களின் சிறு பழங்களையும் உண்ணும். கல்யாண முருங்கை, இலவம் போன்றவை பூக்கும் காலத்தில் தேனும் குடிக்கும். பூச்சிகளையும் பிடிக்கும்.

அத்திக் குடும்ப மரங்கள் ஏன் இவ்வளவு முக்கியம்? ‘அத்தி பூத்தாற்போல’ என்று அரிய நிகழ்ச்சியைச் சொல்கிறோம். உண்மையில் அத்தி ஒவ்வொரு முறையும் பூக்கிறது. நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். நாம் காய் என்று நினைக்கும் உருண்டையின் உட்சுவரில் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் இருக்கின்றன. அதன் நுனியிலுள்ள சிறு துளை வழியாக அத்திக் குளவி எனும் மிகச் சிறிய குளவி உள்ளே நுழைந்து மகரந்தச் சேர்க்கை செய்கிறது. பொதுவாக ஒவ்வோர் அத்தி இனத்துக்கும் அதற்கென்று தனிக் குளவி இனம் உண்டு.

குளவியின் வாழ்நாள் மிகக் குறுகியது. அது வெளியே வரும்போது எங்கோ ஒரு மரத்தில் நுழைவதற்கேற்ற இளங்காய் இருந்தாக வேண்டும். ஆகவே எல்லா மரங்களும் ஒரே மாதத்தில் காய்ப்பதில்லை. ஆண்டு முழுவதும் மாறி மாறிக் காய்க்கின்றன. நாவல் முடிந்து, மற்றப் பழங்களும் ஓய்ந்த மாதங்களில் காட்டுக்குள் ஏதாவது ஓர் ஆலோ இத்தியோ பழுத்து நிற்கும். பழந்தின்னிகளுக்கு அதுவே பஞ்சகாலக் களஞ்சியம். ஆகவே இத்தகைய ஒரு பெரிய மரத்தை வெட்டினால், இழப்பு அந்த ஒரு மரத்தோடு நிற்பதில்லை.

இனப்பெருக்கம்

தென்னிந்தியாவில் பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கூடு கட்டும். விதானத்தில் திரியும் இப்பறவை, கூட்டை மட்டும் அடர்ந்த நிழலில் உள்ள சிறு மரத்தில், அதிக உயரமில்லாத கிளையில் அமைக்கிறது. சுள்ளிகளால் ஆன ஆழமற்ற தட்டு போன்ற கூடு. அதன் மேல் பாசி படர்த்தப்பட்டிருக்கும். பொதுவாக இரண்டு முட்டைகள் இடும். பழுப்புப் புள்ளிகள் நிறைந்த முட்டைகள் அவை.

கூடு கட்டுவதும் அடைகாப்பதும் பெண்ணின் வேலை. குஞ்சுகளுக்கு இரண்டும் சேர்ந்து உணவூட்டும். பெண்ணின் மங்கிய நிறம், அடைகாக்கும் நாட்களில் இலைநிழலில் அதை மறைக்க உதவும் என்று கருதலாம். கீழடுக்குச் செடிகளும் சிறு மரங்களும் வெட்டப்பட்ட காட்டில் உயரமான மரங்கள் அப்படியே இருந்தாலும், கூடு கட்ட இடம் குறைந்துவிடும்.

விதை பரப்புதல்

பழம் என்பது பறவைக்கு மரம் தரும் கூலி. பறவை சதையைச் செரித்துக்கொண்டு, விதையை எச்சத்திலோ வாய்வழியாகவோ வெளியேற்றுகிறது. சுவர் வெடிப்பில் முளைத்து நிற்கும் அரசங்கன்றைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. காட்டில் ஆலும் இத்தியும் மற்ற மரங்களின் கவையில் முளைப்பதும் இவ்வாறே.

தாய்மரத்தின் அடியிலேயே விழும் விதைக்கு வாழ்வு கடினம். நிழலைவிடப் பெரிய ஆபத்து, அந்த மரத்தையே நம்பி வாழும் பூச்சிகளும் பூஞ்சைகளும். அவை அடியில் குவிந்து கிடக்கும் விதைகளையும் கன்றுகளையும் எளிதில் கண்டுபிடித்து அழிக்கின்றன. இக்கருத்தை டேனியல் ஜான்சன் 1970-இலும் ஜோசப் கானல் 1971-இலும் தனித்தனியே முன்வைத்தனர். வெப்பமண்டலக் காட்டில் ஒரே இன மரங்கள் கூட்டமாக நிற்காமல் கலந்து நிற்பதற்கு இது ஒரு காரணம் என்பது அவர்களின் விளக்கம். தாய்மரத்திலிருந்து சற்றுத் தள்ளிக் கொண்டுபோகப்படும் விதைக்கே பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

களக்காடு–முண்டந்துறையில் காக்காச்சி பகுதியின் காட்டில் கணேஷ், பிரியா தாவிதார் ஆகிய ஆய்வாளர்கள் மரங்களின் விதைகள் எவ்வாறு பரவுகின்றன என்று ஆராய்ந்துள்ளனர். அங்குள்ள மர இனங்களில் பெரும்பான்மையானவை காற்றை நம்பாமல் விலங்குகளையும் பறவைகளையுமே நம்பியுள்ளன என்பதை அவர்களின் ஆய்வு காட்டுகிறது.

பழந்தின்னிகளுக்குள்ளும் வேலைப் பங்கீடு உண்டு. பெரிய விதையுள்ள பழங்களை இருவாச்சி, பெரிய காட்டுப்புறா போன்றவையே முழுதாக விழுங்க முடியும். சிறிய பழங்களைச் சின்னான்கள் போன்ற சிறு பறவைகள் கொண்டு செல்லும். தேவதை நீலப்பறவை இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சின்னானால் விழுங்க இயலாத சில பழங்களை இது விழுங்கும். எண்ணிக்கையில் இருவாச்சியைவிட மிகுதியாகவும் உள்ளது. இருவாச்சி போய்விட்ட சிறு காட்டுத் துண்டில் இத்தகைய நடுத்தரப் பறவைகளின் பணி இன்னும் முக்கியமாகிறது. ஆயினும் மிகப் பெரிய விதைகளைப் பொறுத்தவரை, இருவாச்சியின் இடத்தை இவற்றால் நிரப்ப முடியாது.

காட்டுத் துண்டுகளும் தோட்டங்களும்

ஆனைமலையின் வால்பாறைப் பீடபூமி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இங்கே மழைக்காடு அழிக்கப்பட்டு, முதலில் காப்பியும் பிறகு தேயிலையும் பயிரிடப்பட்டன. எஞ்சிய காடு இப்போது தேயிலைக் கடலில் தீவுகளைப் போலச் சிறுசிறு துண்டுகளாக நிற்கிறது. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம் உள்ளிட்ட பாதுகாக்கப்பட்ட காடுகள் உள்ளன.

இத்துண்டுகளுக்கு இடையே பறவை போய்வந்தால்தான் விதையும் போய்வரும். திறந்த தேயிலைக்குள் தேவதை நீலப்பறவைக்கு உணவும் இல்லை, நிழலும் இல்லை. நாட்டு மரங்களின் நிழலில் வளரும் காப்பி, ஏலத் தோட்டங்களுக்கு அது வருவதுண்டு.

பல தோட்டங்களில் நிழலுக்கு சில்வர் ஓக் மட்டுமே நடப்படுகிறது. இதற்குத் தோட்டக்காரர்களிடம் நியாயமான காரணம் உண்டு. அது விரைவாக, நேராக வளரும், மிளகுக் கொடி ஏற்றலாம், மரத்தை விற்கலாம். ஆனால் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அந்த மரத்தின் விதை காற்றில் பரவுவது. பழந்தின்னும் பறவைக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. ஒரு தோட்டத்தில் சில்வர் ஓக்குக்கு இடையே ஆல், இத்தி, நாவல் போன்ற நாட்டு மரங்களை ஆங்காங்கே விட்டுவைத்தாலும் பறவைக்கு அது இடைவழித் தங்குமிடம் ஆகிறது.

மைசூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வால்பாறையில் தோட்ட நிறுவனங்களின் ஒத்துழைப்புடன் சீரழிந்த காட்டுத் துண்டுகளை மீட்டு வருகிறது. சாலையோரத்தில் விழுந்து வீணாகும் காட்டு மர விதைகளைச் சேகரித்து, நாற்றங்காலில் வளர்த்து, களைச்செடிகள் நீக்கப்பட்ட இடத்தில் பல இனங்களைக் கலந்து நடுகிறார்கள். பறவை செய்ய வேண்டிய வேலையை மனிதர் கையால் செய்வதற்கு எவ்வளவு காலமும் உழைப்பும் தேவை என்பதற்கு இம்முயற்சியே சான்று.

பறவைக்கு நாட்டு மரம், அயல் மரம் என்ற வேறுபாடு தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உன்னிச்செடி போன்ற களைகள் நம் காடுகளில் பரவியதிலும் பழந்தின்னிப் பறவைகளுக்குப் பங்கு உண்டு. சுற்றுப்புறத்தில் எந்தப் பழம் இருக்கிறதோ, அதன் விதையே பரவும். எதை நட்டு வளர்க்கிறோம் என்பது நம் பொறுப்பு.

பாதுகாப்பு நிலை

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இப்பறவை ‘தீவாய்ப்பு கவலை குறைந்த இனம்’ என்ற பிரிவில் உள்ளது. பரவல் பரப்பு பெரியது என்பதே இதற்கு முதன்மைக் காரணம். இந்தப் பிரிவைப் பார்த்து நம் மலையிலும் கவலை இல்லை என்று முடிவு செய்வது பொருந்தாது. உலகளவிலான மதிப்பீடு வேறு, துண்டிக்கப்பட்ட ஒரு கூட்டத்தின் நிலை வேறு. தென்கிழக்கு ஆசியாவில் காடழிப்புடன் கூண்டுப்பறவை வணிகமும் இதற்கு அச்சுறுத்தலாக உள்ளது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம்.

அடையாளம் காணுதல்

காட்டில் இதனோடு குழப்பிக்கொள்ளக்கூடிய பறவைகள் மூன்று.

சீகாரப் பூங்குருவி: கருமையும் நீலமும் கலந்தது. பெரும்பாலும் ஓடைப் பாறைகளில் இருக்கும். நீலம் நெற்றியிலும் தோளிலும் பளிச்சிடும். மனிதர் சீழ்க்கையடிப்பது போன்ற நீண்ட பாட்டு.

கரிச்சான் வகைகள்: நிழலில் பார்த்தால் ஒன்றுபோல் தோன்றும். கரிச்சானின் வால் நீண்டு பிளவுபட்டிருக்கும். நீலப்பறவையின் வால் நுனி பிளவற்றது.

நீலகிரி ஈப்பிடிப்பான்: நீல நிறமுடையது என்றாலும் உருவில் மிகச் சிறியது.

பார்க்க விரும்புவோர் பறவையைத் தேடி அலைவதைவிட, பழுத்த ஆலையோ இத்தியையோ கண்டுபிடித்துச் சற்றுத் தள்ளி அமைதியாக அமர்வது நல்லது. காலை வேளை ஏற்றது. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும், கூட்டுக்கு அருகே சென்று படம் எடுப்பதும் கூடாது. அடைகாக்கும் பறவை கூட்டைக் கைவிட நேரலாம்.

மலையோர ஊர்ப் பள்ளிகள் இதை ஓர் ஆண்டுப் பணியாகவே எடுத்துச் செய்யலாம். ஊருக்கு அருகில் உள்ள ஓர் ஆலமரத்தைத் தேர்ந்தெடுத்து, எந்த மாதத்தில் காய்த்தது, எந்நாள் பழுத்தது, எந்தெந்தப் பறவைகள் வந்தன, எத்தனை வந்தன என்று மாணவர்கள் குறித்து வரலாம். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் அந்தக் குறிப்புகளைச் சேர்க்கலாம். செலவில்லாத இந்தப் பணியால், எந்த மரம் எந்த மாதத்தில் எந்தப் பறவைக்குச் சோறு போடுகிறது என்ற விவரம் அந்த ஊரின் கையில் இருக்கும். சாலை விரிவாக்கத்துக்காகவோ வேறு பணிக்காகவோ அம்மரத்தை வெட்டலாமா என்ற கேள்வி எழும்போது, அந்தக் குறிப்பேட்டைச் சான்றாக எடுத்து வைக்கலாம்.